பழைய கேஸ் அலமாரிச் சாவி

கார் உதிரிபாகக் கடை ஒன்றின் கவுண்டருக்குப் பின்னால் இருபத்திரண்டு வருஷமாக நின்றே காலத்தை ஓட்டிய ஒரு மனிதருக்கு, மூன்று வருஷம் முன்னால் ஒரு சாவி கிடைத்தது. அவ்வளவுதான், அதன் பிறகு அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாவியைச் சிவப்புக் கயிற்றில் கோத்து இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். அது திறப்பது கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் ஓர் இரும்பு அலமாரியை. உள்ளே வைரமும் வைடூரியமும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கார் ஏசிக்கு ஏற்றும் பழைய கேஸ் டின்கள், மொத்தம் முப்பத்தொன்று.

அந்தக் கேஸின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய மாடல் கார்களின் ஏசியில் அது இல்லாமல் குளிர் வராது. ஒழுகி வெளியே வந்தால், மேலே போய் வெயிலிலிருந்து நம்மைக் காக்கும் வானத்துப் போர்வையை அரிக்கும். இந்தச் சங்கதி அரசாங்கத்துக்கு ஒருவழியாக உறைத்ததும் சட்டம் வந்தது. பரீட்சை எழுதிக் கார்டு வாங்கிய ஏசி மெக்கானிக்குக்கு மட்டும்தான் பழைய கேஸை விற்கலாம். வாங்குபவர் பெயர், கார்டு நம்பர், தேதி எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். அதற்கு முன்னால் அது சோப்புக்கட்டி மாதிரிதான் விற்றுக்கொண்டிருந்தது. யார் வந்து கேட்டாலும் நம்ம ஆள் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்.

சட்டத்தின் நகல் பதினோரு பக்கம். கடை முதலாளி அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, "யோவ், இதைக் கொஞ்சம் பாத்து வச்சுக்க" என்று நம்ம ஆளிடம் நீட்டினார். அங்கேதான் முதலாளி கோட்டை விட்டார். இவர் நிஜமாகவே படித்துவிட்டார், அடிக்குறிப்பு உட்பட. அந்தப் பதினோரு பக்கத்தையும் முழுசாகப் படித்த ஒரே பிறவி இவராகத்தான் இருக்க வேண்டும். எழுதினவர்கள்கூடப் படித்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து யார் வந்து பழைய கேஸ் கேட்டாலும் இவர் வாயில் வருவது ஒரே கேள்வி. "கார்டு எங்கே?" வணக்கம் கிடையாது, நலமா கிடையாது, நேரே கார்டு. ஆறே மாதத்தில் மொத்தக் கடைத்தெருவும் இவருக்குக் கார்டு அண்ணன் என்று பெயர் வைத்துவிட்டது. கிண்டலுக்கு வைத்த பெயர்தான். மனுஷன் அதைப் பட்டம் மாதிரி வாங்கி வைத்துக்கொண்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையில் மட்டும் மிச்சமிருக்கிறது.

பாவம், அவரையும் சொல்லிக் குற்றமில்லை. வீட்டில் சுவருக்கு என்ன வர்ணம் அடிப்பது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, மருமகனாக யாரைப் பிடிப்பது என்று ஒரு விஷயத்திலும் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. கேட்டாலும் "உங்க இஷ்டம்" என்றுதான் சொல்லியிருப்பார். ஐம்பத்துநான்கு வயசில் முதன்முதலாக நாலு பேர் இவர் எதிரில் கை கட்டி நின்றார்கள். யாருக்குத்தான் தலை கால் புரியும்?

இதில் விபரீதம் என்னவென்றால், அவருடைய மனைவியின் தம்பி ஒரு ஏசி மெக்கானிக்.

சும்மா மெக்கானிக் இல்லை. இருபத்தாறு வருஷ அனுபவம். ஒரு துண்டு ரப்பர் குழாயை ஒரு முனையில் காதிலும் மறுமுனையில் இன்ஜினிலும் வைத்து, கேஸ் எங்கே ஒழுகுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவான். சந்தேகமிருந்தால் ஷேவிங் பிரஷ்ஷில் சோப்பு நுரை எடுத்து அந்த இடத்தில் தடவுவான், குமிழி வரும். ஆனால் கார்டு மட்டும் வாங்க மாட்டேன் என்று அடம். "என் கை வேலை செய்யுது, காகிதமா வேலை செய்யுது?" என்று கேட்பான். புதிய கேஸ் ஓடும் வண்டிகளுக்குக் கார்டு தேவையில்லை என்பதால் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பழைய வண்டி ஒன்று அவன் ஷெட்டுக்கு வந்தது. வண்டிக்காரர் வெகு நாள் வாடிக்கையாளர். "அஞ்சு நிமிஷம் சார், என் மாமா கடைதான்" என்று அவரையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மாமா, பழைய கேஸ் ரெண்டு டின் குடுங்க."

"கார்டு எங்கே?"

கூட வந்தவருக்கு எதிரில் மைத்துனன் சிரித்து மழுப்பினான். "என்ன மாமா, விளையாடாதீங்க. சார் வெயிட் பண்றாரு."

"ரூல்னா ரூல், மச்சான். நாளைக்கு எங்க அப்பாவே எந்திரிச்சு வந்து கேட்டாலும் கார்டு இல்லாம கிடையாது."

கடையில் அப்போது ஏழெட்டுப் பேர். எல்லோர் கண்ணும் இந்தப் பக்கம் திரும்பியது. இது போதாதென்று, அதே நேரம் பார்த்து உள்ளே வந்தார் ஒரு பல் டாக்டர். சொந்தமாக ஒரு பழைய கார் வைத்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் துடைப்பதற்கு. கம்ப்யூட்டரில் இருபத்தைந்து கேள்விப் பரீட்சை, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். அரைமணி நேரத்தில் எழுதி முடித்து, கார்டை அச்செடுத்துப் பளபளவென்று உறை போட்டுக் கொண்டுவந்திருந்தார். கார்டு அண்ணன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, நம்பரைப் பதிவேட்டில் எழுதி, மூன்று டின்களை மரியாதையோடு எடுத்து வைத்தார். டாக்டர் ஒரு டின்னைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இதை எந்தப் பக்கமாத் திருப்பணும்?"

வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கார்டு அண்ணன் வீட்டுக்கு வந்தபோது, மனைவி பெட்டியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஊரான் முன்னாடி என் தம்பி மானத்தை வாங்கிட்டீங்கல்ல? நான் அவன் வீட்டுக்குப் போறேன். நீங்களா வந்து அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுற வரைக்கும் இந்தப் படி ஏற மாட்டேன்."

"நான் என்னம்மா தப்பு பண்ணேன்? சட்டம்..."

"சட்டத்தையே சமைச்சுப் போடச் சொல்லுங்க."

சட்டம் சமைக்கவில்லை. பதினெட்டு நாள் அவர் சமைத்தார். அதில் ஆறு நாள் பாத்திரம் தீய்ந்தது. மீதி நாட்களில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மச்சானைப் போய்ப் பார்க்க மட்டும் மனசு வரவில்லை. போய் என்ன சொல்வது? சட்டப்படி நடந்ததற்கு மன்னிப்பா? பதினோரு பக்கத்தில் எங்கேயும் அப்படி ஒரு பிரிவு கிடையாதே.

இதற்கு நடுவில் மகளுக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடித் தொட்டிலுக்கு வெளியே நின்று பேத்தியைப் பார்த்தார் கார்டு அண்ணன். அது ஒரு கொட்டாவி விட்டது. மனுஷன் தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். மனைவி பக்கத்தில்தான் நின்றாள். கைக்குட்டையை நீட்டினாள், பேசவில்லை.

பேச்சு திங்கட்கிழமை போனில் வந்தது. நிபந்தனையோடுதான் வந்தது.

"வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புறாங்க. பொண்ணையும் குழந்தையையும் நம்ம வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வரணும்னு ஆசை. ஆனா வெளிய அனலா கொதிக்குது. ஏசி ஓடாத உங்க டப்பாவுல பச்சைக் குழந்தையை ஏத்த மாட்டேன். கண்ட டாக்ஸியிலயும் ஏத்த மாட்டேன். என் தம்பி கை வைக்காத வண்டியிலயும் ஏத்த மாட்டேன். வெள்ளிக்குள்ள ஏசி ஓடினா குழந்தை நம்ம வீட்டுக்கு வரும். இல்லேன்னா தம்பி வீட்டுக்குப் போகும். அவ்வளவுதான்."

போனை வைத்துவிட்டாள். கார்டு அண்ணன் அலமாரியைப் பார்த்தார். அவருடைய கார் இருபத்தேழு வருஷத்துக் கிழம். அதற்கு வேண்டியது பழைய கேஸ். மூன்றடி தூரத்தில் டின்கள் அடுக்கி வைத்திருக்கின்றன, சாவி இடுப்பில் தொங்குகிறது. பேத்தி எந்த வீட்டுக்குப் போவாள் என்பது அந்த அலமாரிக்குள் இருந்தது.

"எடுத்துட்டுப் போய்யா," என்றார் முதலாளி. "உன்னை யாரு கேக்கப்போறா? கேக்கிற ஒரே ஆளு நீதானே?"

அதுதான் பிரச்சினையே. தன்னிடமே "கார்டு எங்கே?" என்று கேட்டுப் பார்த்தார். இல்லை. ஒரு நிமிஷம் சாவியைக் கயிற்றிலிருந்து கழற்றி, பிறகு மறுபடியும் மாட்டிக்கொண்டார். திருடுவதற்கும் ஒரு சாமர்த்தியம் வேண்டும், அது இந்த மனுஷனுக்குச் சுட்டுப்போட்டாலும் வராது.

சரி, நாமே பரீட்சை எழுதிவிடுவோம் என்று மதிய இடைவேளையில் முதலாளியின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பதினோரு பக்கமும் மனப்பாடம். இருபத்தைந்துக்கு இருபத்தைந்து வாங்கியிருப்பார். ஆனால் முதல் கேள்விக்கு மேலே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. "நான் கார் ஏசி பழுதுபார்க்கும் தொழில் செய்பவன் என்று உறுதி கூறுகிறேன்." அதில் டிக் அடித்தால்தான் பரீட்சை திறக்கும்.

கார்டு அண்ணன் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். கட்டம் அவரைப் பார்த்தது. இருபது நிமிஷம் இப்படியே போனது.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "டிக் பண்ணித் தொலையேன்யா!"

"நான் அந்தத் தொழில் செய்யலையே முதலாளி."

"அப்ப அந்தப் பல் டாக்டர் செய்றாரா?"

"அது அவர் உறுதி. இது என் உறுதி."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஊரில் கார்டு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்த கட்டம் அது. இந்த ஒரு மனுஷனுக்கு மட்டும் விரல் மடங்கவில்லை. அவரைத் திட்டுவதா கும்பிடுவதா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

புதன்கிழமை சாயங்காலம், வேறு வழியே இல்லாமல், மைத்துனன் ஷெட்டுக்குப் போனார். தகரக் கூரை, தரையில் ஒரு பள்ளம், ஓரமாக ஒரு மேசை விசிறி. அந்த விசிறிக்கு முன்கம்பி கிடையாது. ஊருக்கெல்லாம் குளிர் கொடுக்கிறவன் கொதிக்கிற ஷெட்டில் வேலை செய்கிறான், அதைப் பற்றி ஒரு சட்டமும் பேசவில்லை. ஒரு வேனுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

"மச்சான்."

கால்கள் அசையவில்லை. "ஷெட்டுக்குள்ள வரணும்னா கார்டு வேணும்."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டார். வாங்கித்தானே ஆக வேண்டும்? கீழே உட்கார்ந்து, அந்தக் கால்களைப் பார்த்தே விஷயத்தைச் சொன்னார். வெள்ளிக்கிழமை, பேத்தி, ஏசி, கட்டம் எல்லாம். "நீ பரீட்சை எழுது மச்சான். அந்தக் கட்டத்துல டிக் போட ஒன்னை விட யோக்கியதை உள்ளவன் இந்த ஊர்ல எவனும் இல்ல."

கால்கள் வெளியே வந்தன. பின்னாலேயே ஆளும் வந்தான். கரி படிந்த முகத்தில் சிரிப்பு வரவா வேண்டாமா என்று நின்றது. "நான் கேள்வியெல்லாம் படிச்சுக்கிட்டு உக்கார முடியாது மாமா. வேலை கெடக்கு."

"நான் படிக்கிறேன். நீ பதில் சொல்லு. புத்தகம் பாக்கலாம்னு விதியே இருக்கு. புத்தகத்துல என்ன இருக்குன்னு என்னைக் கேளு. கேட்டா மட்டும் சொல்லுவேன்."

இப்படி ஒரு பரீட்சையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மைத்துனன் மறுபடி வேனுக்கு அடியில் போனான். கண்ணாடி கீறிய போனைக் கையில் வைத்துக்கொண்டு கார்டு அண்ணன் ஒவ்வொரு கேள்வியாகப் படித்தார். அழுத்தம், வால்வு, எண்ணெய் பற்றியதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது. ஏழாவது கேள்வி வந்தது.

"ஹோஸ் குழாயைக் கழட்டுறதுக்கு முன்னாடி உள்ள மிச்சமிருக்கிற கேஸை என்ன செய்யணும்?"

"என்ன செய்யணும்? காத்துல விட்டுட வேண்டியதுதான். புஸ்ஸுன்னு போயிரும்."

கார்டு அண்ணன் போனைத் தொடவில்லை.

"என்ன மாமா, சத்தத்தையே காணோம்?"

"மெஷின்ல புடிச்சு சிலிண்டர்ல அடைக்கணும் மச்சான். காத்துல விடுறது குத்தம்."

ஸ்பானர் தரையில் விழுந்தது. மைத்துனன் வெளியே வந்தான். முகம் சிவந்திருந்தது. "அப்ப இருபத்தாறு வருஷமா நான் குத்தவாளியா? இதைச் சொல்லத்தான் வந்தீங்களா? இதுக்குத்தான் நான் அந்தக் காகிதத்துப் பக்கமே போகலை! இத்தனை வருஷம் செஞ்சது தப்புன்னு ஒரு கம்ப்யூட்டரு எனக்குச் சொல்லும். சரி சரின்னு நான் தலையாட்டணும்."

கார்டு அண்ணன் சாவிக் கயிற்றை உருட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"காத்துல விட்டதுல நீ ஒரே ஒரு ஷெட்டு, ஒரே ஒரு ஆளு மச்சான். ஊருக்கே வித்தது யாரு? அந்தப் பதினோரு பக்கத்தைப் படிச்சதும் பழைய பில் புஸ்தகம் எல்லாத்தையும் எடுத்து எண்ணிப் பாத்தேன். பத்தொம்பது வருஷத்துல பதினேழாயிரம் டின். என் கையால எடுத்துக் குடுத்தது. ஒருத்தனையும் ஒரு வார்த்தை கேக்கலை. லீக்கை அடைச்சியான்னுகூடக் கேக்கலை. கேக்காம விட்டதுக்கெல்லாம் சேத்துத்தான் இப்பக் கேட்டுக்கிட்டு நிக்கிறேன். ஒன்னை நாலு பேரு முன்னாடி கேட்டது தப்பு. தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும். தப்புதான்."

விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மைத்துனன் ரொம்ப நேரம் கையைத் துணியில் துடைத்தான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"ஏழாவதுக்கு என்ன பதில்னு சொன்னீங்க?"

"நீ புத்தகத்தைக் கேட்டாத்தான் சொல்லலாம்."

"யோவ் மாமா! கேக்கிறேன்யா!"

இருபத்தைந்துக்கு இருபத்திரண்டு. இருபத்தொன்று எடுத்தால் பாஸ். வியாழக்கிழமை காலை கடை திறந்ததும் மைத்துனன் கவுண்டருக்கு முன்னால் வந்து நின்றான். அன்றைக்கு வேடிக்கை பார்த்த ஏழெட்டுப் பேரில் நாலு பேர் இன்றைக்கும் இருந்தார்கள். இந்த மாதிரி விஷயத்துக்கு ஆளுக்குப் பஞ்சமே வராது.

"பழைய கேஸ் ரெண்டு டின்."

எல்லோரும் கார்டு அண்ணன் வாயையே பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. அவன் நீட்டும் வரை காத்திருந்தார். நீட்டினான். பதிவேட்டில் அந்தப் பெயரையும் நம்பரையும் முத்து முத்தாக எழுதினார். கூட்டத்தில் ஒருவர் கை தட்டினார், எதற்கென்று தெரியாமலே.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். ஷெட்டில் கார்டு அண்ணனின் காரைத் திறந்து, குழாயைக் காதில் வைத்துக் கேட்ட மைத்துனன் நிமிர்ந்தான்.

"கம்ப்ரஸர் ஹோஸ்ல ஒழுகுது மாமா. புது ஹோஸ் போடாம கேஸ் ஏத்த மாட்டேன். பன்னெண்டாவது கேள்வி."

பரீட்சை வைத்துப் பாஸ் பண்ண வைத்தது யார்? இவர்தான். ஓடிப்போய்க் கடையில் ஹோஸ் தேடினார். இல்லை. ஏன் இல்லை என்று ஆர்டர் புத்தகத்தைப் புரட்டினார். போன வாரமே வந்திருக்க வேண்டிய சரக்கு. ஆர்டர் தாளில் முதலாளி ஓரிடத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டுவிட்டார் என்று, அதைத் தன் மேசை இழுப்பறையிலேயே நிறுத்தி வைத்திருந்தார் ஒரு புண்ணியவான். அந்தப் புண்ணியவான் யாரென்று நான் வேறு சொல்ல வேண்டுமா? இனி திங்கட்கிழமைக்கு முன்னால் ஹோஸ் வராது.

மதியம் மனைவிக்குப் போன் செய்தார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். இழுப்பறையைக் கூட மறைக்கவில்லை. "குழந்தையைத் தம்பி வீட்டுக்கே கூட்டிட்டுப் போம்மா. வெயில் தாங்காது. நான் வந்து பாத்துக்கிறேன்," என்று முடித்தார்.

மனைவி ஹோஸைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அவன்கிட்டப் போய்ப் பேசினீங்களா?"

"பேசினேன்."

"தப்புன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அப்ப காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வண்டியைக் கொண்டாங்க. டிஸ்சார்ஜ் சீட்டை டாக்டர் இன்னிக்கே எழுதிக் குடுத்துடறாராம்."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குத் தெருவில் ஈ காக்காய் இல்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டதும் காரில் நல்ல காற்று வந்தது. முன் சீட்டில் மைத்துனன், பின்னால் மகள், மனைவி, மனைவி மடியில் பேத்தி. டிக்கியில் மனைவியின் பெட்டி. அதை யார் எப்போது ஏற்றினார்கள் என்று அவர் கேட்கவில்லை. பாதி வழியில்தான் அவருக்கு ஒன்று உறைத்தது.

"ஏம்மா, ஆறு மணிக்குக் கெளம்பினா ஏசியே வேண்டியதில்லையே?"

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் மனைவி, குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "எனக்கா ஏசி வேணும்? நீங்க அவன் ஷெட்டு வாசல்ல போய் நிக்கணும். அதுக்குத்தான் ஏசி."

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. கார்டு அண்ணன் வண்டியை ஓட்டினார். பதினோரு பக்கத்தையும் அடிக்குறிப்போடு படித்தவர், முப்பது வருஷமாகக் கூடவே இருக்கும் ஒருத்தியை இன்னும் முதல் பக்கம்கூடப் புரட்டவில்லை.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. மனைவி படியேறினாள், பதினெட்டு நாள் கோபமெல்லாம் ஒன்றுமே இல்லாதது மாதிரி. கார்டு அண்ணன் பின்னாலேயே ஓடி இரண்டு கையையும் நீட்டினார். "குடும்மா, ஒரு தடவை தூக்கிக்கிறேன்."

அவள் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தக் கைகளை ஒரு பார்வை பார்த்தாள். ஸ்டியரிங் பிடித்த கை, டிக்கி திறந்த கை.

"கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. ரூல்னா ரூல்."

அவர் உள்ளே ஓடினார். அவசரத்தில் இடுப்பில் உறுத்திய சாவியைக் கழற்றிக் குழாய் மேடையில் வைத்துவிட்டு, இரண்டு தடவை கழுவினார். சாவியை மறுபடி எடுக்க அன்று முழுக்க அவருக்கு ஞாபகம் வரவில்லை.